கதையில் இல்லாத அரைமணி நேரம்

மாமா,

இன்று காலையில் நம் வீட்டுக் குளியலறைக் குழாய் கழன்றுபோய், டவுனிலிருந்து ஓர் ஆள் வந்து மாற்றிப் போட்டுவிட்டுப் போனார். பைப் மரையில் சணலைச் சுற்றி, அதன்மேல் வெள்ளை பெயிண்டை விரலால் தடவினார். நான் பக்கத்தில் பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பெயிண்டும் சணலும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் சட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத வாடை. பதினேழு வருடம் நான் துவைத்த சட்டைகள். நீங்கள் போய் இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த ஆள் கிளம்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் பேசுகிறார்கள். மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள்கூட, "உங்க மாமனாரு இருக்காரே..." என்று ஆரம்பித்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு அப்படி வருவதில்லை. இந்த வீட்டில் சிரிக்கத் தெரியாத ஆள் நான் ஒருத்திதான் என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். வந்த மாதமே எனக்குக் கலெக்டரம்மா என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டீர்கள். கல்யாணம் முடிந்து சேலத்திலிருந்து பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிளியூர் ரோட்டில் நம் வீட்டு முன்னால் இறங்கியபோது எனக்கு நிற்கவே தெம்பில்லை. ஆரத்தி எடுத்து முடிந்ததும் உங்கள் மகள் என் கையைப் பிடித்து வாசல் குழாயடிக்குக் கூட்டிப் போனாள்.

"எங்க ஊட்டுக்கு வர்ற மருமக மொதல்ல குழாயத் தொறக்கோணும் அண்ணி. பைப் வேல செய்யற ஊடு இல்லீங்களா, அதான் வழக்கம்."

அவள் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. நான் நம்பித் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"வா கண்ணு, வா. பஸ்ஸுல நொம்ப வாந்தி எடுத்தியாமா?"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து எஸ்டேட் நாய்கள் குரைத்தன. வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஊற்றுத் தண்ணீரைத் தேக்கும் தொட்டி இருக்கிறதே, அங்கே பைப்பைக் கழற்றி அதன் வாயில் உங்கள் வாயை வைத்துப் பேசியிருக்கிறீர்கள். கூடியிருந்த முப்பது நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் சரிவிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்தீர்கள். மாமனாரை நான் நன்றாகப் பார்த்தது அப்போதுதான். எனக்கு அழுகை வந்தது. புதுப்பெண் என்றால் அழத்தான் செய்வாள் என்று யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதே வித்தையைப் பங்களா ஒன்றில் சமையல்காரரிடம் நீங்கள் காட்டியது பிற்பாடு எனக்குத் தெரியவந்தது. அவர் குழாயைத் திறந்தால், "ஏனுங்க, வெந்நியா வேணுமுங்க, பச்சத் தண்ணியா வேணுமுங்க?" என்று குழாய் கேட்டிருக்கிறது. அந்த மனிதர் மரியாதையாக, "வெந்நிங்க" என்று பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் ஓடியிருக்கிறார். அந்தக் கதையை உங்களைவிட அவர்தான் அதிகம் பேருக்குச் சொல்லியிருப்பார். உங்களிடம் ஏமாந்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு அது புரிந்ததில்லை.

வேலையில் நீங்கள் விளையாடியது கிடையாது. அதையும் சொல்ல வேண்டும். எந்தப் பங்களாவின் புல்தரைக்கு அடியில் எந்தப் பைப் எங்கே திரும்புகிறது என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தலைச்சோலையிலிருந்துகூட ஆள் அனுப்புவார்கள். நீங்கள் போட்ட இணைப்பு ஒன்று ஒழுகியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் தம்பிகள், தங்கைகள், அவர்களின் பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிடும். எல்லாருடைய பிரச்சனைக்கும் நீங்கள்தான் தீர்ப்பு. தீர்ப்புச் சொல்லி முடித்த கையோடு யாராவது ஒருவரை வம்புக்கு இழுப்பீர்கள். வந்தவர்கள் திட்டு வாங்கியது மறந்து சிரித்துக்கொண்டு போவார்கள். அத்தை உயிரோடு இருந்த காலத்திலும் இப்படித்தான் என்று உங்கள் மகள் சொல்வாள்.

நான் வந்து மூன்றாவது வருடம். ஆடி நோம்பிக்குச் சொந்தமெல்லாம் வந்திருந்தார்கள். நான் பின்கட்டில் பாத்திரம் விளக்கிவிட்டு நிமிர்ந்தபோது, காபிச் செடிகளுக்கு நடுவில் ஏணி சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் நீங்கள். நெற்றியெல்லாம் சிவப்பு. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கவாத்துக்கு வெட்டிப்போட்ட குச்சி ஒன்று உள்ளங்காலில் ஏறியது அப்போது தெரியவில்லை. உங்கள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு "மாமா, மாமா" என்று கதறினேன். நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்தீர்கள்.

"டீ போட்டுட்டியா கண்ணு?"

கதவுக்குப் பின்னால் எட்டுப் பேர் ஒளிந்திருந்தார்கள். என் கணவரும் அதில் ஒருவர். நெற்றியில் இருந்தது கேட்டுக்கு அடிக்கிற சிவப்பு பெயிண்ட். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் என் காலிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நானே குழாயடிக்குப் போய்க் கழுவி, துணி கிழித்துக் கட்டிக்கொண்டேன். கட்டைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் நீங்கள் வந்து, "நொம்ப பயந்துட்டியா சாமி?" என்று கேட்டீர்கள். இனி இந்த வீட்டில் யார் எதற்குக் கூப்பிட்டாலும் ஓடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சின்ன விஷயம்தான். ஆனால் நான் எடுத்த முடிவுகளை மாற்றிக்கொள்கிறவள் அல்ல, அது உங்களுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் நாலு வருடம் கழித்து அந்த ஐப்பசி. ஐந்து நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் வெறித்திருந்தது. பத்தடி தள்ளி ஒன்றும் தெரியாத மூடுபனி. உங்கள் மகன், அதாவது என் கணவர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. ஊற்று வாயில் தழை அடைத்திருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரெஞ்சை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினீர்கள். நான் அடுப்படியில் ரேடியோவைப் போட்டுவிட்டு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு... ஏ கண்ணு... உழுந்துட்டேன்."

எழுந்து பின்கதவு வரை போனேன். மறைவில் சொந்தக்காரர்கள் யாராவது நிற்கிறார்களா என்றுதான் பார்த்தேன், மாமா. உங்களைத் தேடவில்லை. யாரும் இல்லை. எனக்கு மட்டுமாகப் போடுகிற நாடகம் என்று நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மிணி, இங்க வந்து பாரு."

கொஞ்ச நேரம் விட்டு மூன்றாவது தடவை. குரல் இறங்கியிருந்தது.

"சாமி, மெய்யாலுமே."

நான் இருந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன்: "எனக்கு வேல கெடக்குதுங்க மாமா. நீங்களே எந்திரிச்சு வாங்க." சொல்லிவிட்டு ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவில்லை.

அரிசியில் கல் பொறுக்கி முடித்தேன். ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி முடிந்து இன்னொன்று தொடங்கியது. உலைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயில் சொட்டுக்கூட இல்லை. ஊற்றிலேயே மொண்டு வரலாம், அப்படியே உங்களை நாலு வார்த்தை கேட்டுவிட்டும் வரலாம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர் வந்திருந்தால் அப்போதும் போயிருக்க மாட்டேன்.

தொட்டிக்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு இடையில் கிடந்தீர்கள். இடது கால் தொடைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் பதில் சொன்ன பிறகு சத்தம் வெளியே வரக் கூடாது என்றா, வலிக்காகவா, தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டு, "உலை வெச்சுட்டியா?" என்று கேட்டீர்கள். 

குடத்தைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். எஸ்டேட் ஜீப் ஒன்று வந்தது. நாலு பேர் சேர்ந்து உங்களைத் தூக்கினார்கள். ஏற்காட்டில் கட்டைகளை வைத்துக் கட்டி, அங்கிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனோம். ஒவ்வொரு வளைவிலும் உங்கள் கை என் கையை இறுக்கியது.

டாக்டர் எத்தனை மணிக்கு விழுந்தீர்கள் என்று கேட்டார். சொன்னீர்கள். "அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் அங்கேயே கிடந்தீங்க?" என்றார்.

"மூடுபனி நல்லா இருந்துச்சுங்க டாக்டர். கொஞ்ச நேரம் வேடிக்க பாத்துட்டுக் கெடந்தேன்."

நர்ஸ் சிரித்துவிட்டது. சாயங்காலம் உங்கள் மகன் ஓடி வந்து அதையே வேறு மாதிரி கேட்டார். "ஏனுங்கப்பா, ஒரு சத்தம் போடறதுதானே? இவ ஊட்டுலதானே இருந்தா?"

"எங்கடா சத்தம் போடறது. உழுந்த ஒடனே மயக்கம். முழிச்சுப் பாத்தா இந்தக் கலெக்டரம்மா கொடத்தோட நிக்குது."

சொல்லும்போது நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை, கூப்பிட்டார், நான்தான் போகவில்லை என்று சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை. நீங்கள் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் கடைசி.

கால் கோணலாகக் கூடியது. இரண்டு விரல் அளவு குட்டை. இன்னொரு நாள் டாக்டரைத் தனியாகப் பார்த்து, அரைமணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நேராகியிருக்குமா என்று கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைம்மா" என்றார். அந்தப் பதிலால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

கூரை ஏறுகிற வேலையை விட்டீர்கள். தரையில் நின்று செய்கிற வேலையை மட்டும் தடியூன்றிப் போய்ச் செய்தீர்கள். "எனக்கு ஒரு காலு ஏற்காட்டுல, ஒரு காலு சேலத்துல" என்று போகிற இடத்திலெல்லாம் சொன்னீர்கள். விழுந்த கதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வளர்ந்தது. ஒரு வாரம் குரங்கு தள்ளிவிட்டது. இன்னொரு வாரம் காட்டெருமை வந்து முகத்தை நக்கி எழுப்பியது, நீங்கள் அதனிடம் பாதை கேட்டீர்கள். எல்லாக் கதையிலும் விழுந்தவுடன் மயக்கம் வந்தது. கண் விழித்ததும் நான் குடத்தோடு நின்றேன். கேட்டுக்கொண்டே காபி கொடுப்பேன். அந்த இடம் வரும்போது கதை லேசாகத் தாவுவது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம். வாசலில் மிளகு காயப்போட்டிருந்தோம். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து தடியால் கோழி விரட்டிக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் வேறு யாருமில்லை.

"மாமா, அன்னிக்கு நீங்க கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சுங்க."

"தெரியுமே. நீதான் பதில் சொன்னியே."

"பின்ன ஏனுங்க யாருகிட்டயும் சொல்லல?"

ஓரத்தில் சிதறிய மிளகைத் தடியால் உள்ளே தள்ளினீர்கள்.

"அந்த எடத்துல உன்னய வெச்சா கதையில சிரிப்பு வராது அம்மிணி. அதான் எடுத்துப்போட்டேன்."

அவ்வளவுதான். கோழி திரும்ப வந்தது, விரட்டப் போய்விட்டீர்கள். இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதா, உண்மையிலேயே கதை கெடும் என்று சொன்னதா என்று தெரியவில்லை. இரண்டாவதாகவும் இருக்கலாம். கதை விஷயத்தில் நீங்கள் அவ்வளவு கறார்.

ஆனால் ஒன்று நடந்தது. விழுந்த அன்றிலிருந்து என்னிடம் நீங்கள் விளையாடவே இல்லை. மற்றவர்கள் யாரையும் விடவில்லை. உங்கள் இளைய மகன் கல்யாணத்தில் புதுப்பெண்ணைக் குழாயடிக்கு அனுப்பினீர்கள், சரிவில் ஏற முடியாது என்று உங்கள் மகளைப் பேச வைத்தீர்கள். அந்தப் பெண் பயப்படாமல், "நல்லா இருக்கீங்களா?" என்று குழாயைத் திருப்பிக் கேட்டுவிட்டது. அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தீர்கள். என்னிடம் மட்டும், "அம்மிணி, சுடுதண்ணி வேணும்," "அம்மிணி, நாளைக்கு மருந்து தீருது." கேட்டதற்குப் பதில். தப்பாக ஒரு வார்த்தை இல்லை. ஏழு வருடமாக நான் விரும்பியது அதைத்தான். கிடைத்த பிறகு வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தேன்.

ஒரு நாள் உங்கள் டீயில் சர்க்கரைக்குப் பதில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். நான் செய்த ஒரே குறும்பு அதுதான். கதவோரம் நின்று பார்த்தேன். முதல் வாய் குடித்தீர்கள். முகம் மாறவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தீர்கள். "நல்லா இருக்குது அம்மிணி." விளையாட்டை விளையாட்டால் ஜெயித்தீர்களா, நான் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று நினைத்து என்னைச் சங்கடப்படுத்தாமல் விட்டீர்களா? கேட்டிருக்கலாம். டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

கடைசியில் ஒரு சித்திரை மாதம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "மாரு அடைக்குது அம்மிணி" என்றீர்கள். முதல் வார்த்தைக்கே நான் ரோட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். பேச முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் முடிந்தது. சாவுக்கு மலை முழுவதும் வந்தது. எஸ்டேட் ஆட்கள், பங்களா ஆட்கள், எனக்குப் பெயர் தெரியாதவர்கள். நிறையப் பேர் அழுதுகொண்டே ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகன் மட்டும் அழவும் இல்லை, பேசவும் இல்லை. எஸ்டேட்டுக்குப் போகவில்லை. முன்னால் வைத்தால் சாப்பிடுவார், இல்லாவிட்டால் இல்லை. 

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பாடும் முடிந்து, நெருங்கின சொந்தம் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். யாரோ காட்டெருமைக் கதையை எடுத்தார்கள். அது காட்டெருமை இல்லை, குரங்கு என்றார் உங்கள் தம்பி. வாக்குவாதம் ஏறியது. உங்கள் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அன்னிக்கு நீங்கதான் ஊட்டுல இருந்தீங்க. என்னதான் நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். குரங்கும் இல்லை, எருமையும் இல்லை, மாமா மூன்று தடவை கூப்பிட்டார், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், நீங்களே எழுந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு ரேடியோவைக் கூட்டி வைத்தேன், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றுதான் போனேன். எப்போதும் பேசுகிற மாதிரிதான், குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னேன்.

உங்கள் தம்பி தொடையில் அடித்துச் சிரிக்க ஆரம்பித்தார். அவரைத் தொடர்ந்து எல்லோரும். "ரேடியோவக் கூட்டி வெச்சாங்களாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "இத்தன வருஷம் எங்கீங்க அண்ணி ஒளிச்சு வெச்சிருந்தீங்க? எங்கப்பா தோத்தாரு, போங்க!" என்று உங்கள் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

உங்கள் மகனைப் பார்த்தேன். பதினாறு நாளாக உதடு பிரியாத மனிதர் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாகி, குலுங்கிக் குலுங்கி அழுதார். உங்கள் தம்பி அவர் தலையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

நான் சொன்னது நிஜம் என்று அப்போது இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. காபி வைக்கிறேன் என்று எழுந்து உள்ளே போனேன். கூடத்தில் யாரோ அதை முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கூப்பிட்டது மூன்று தடவை என்பது அதற்குள் பத்துத் தடவையாகியிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் சொல்கிறார்கள், மாமா. என்னையும் சொல்லச் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொல்கிறேன், அவர்களும் ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறார்கள். அது உண்மை என்று தெரிந்த ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம்.